கணக்கு: காட்பாடி முதல் காட்பாடி வரை

சிக்கனத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
பதினொரு வருஷமாக லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.
மால்டாவிலிருந்து, அகர்தலாவிலிருந்து வருகிறவர்கள்
ஒற்றைக் கட்டில் அறையில் நாலு பேர் படுப்பதை,
அடுப்பை வாடகைக்கு எடுப்பதை,
மீன் தலைக்கு மட்டும் பேரம் பேசுவதை,
ஸ்கேன் உறையின் பின்பக்கம் கூட்டல் போடுவதைப்
பார்த்துப் பார்த்துக் கண் கற்றுக்கொண்டது.

அதனால் கோவா போலாமா என்று தணிகைவேல் கேட்டதும்
பணப்பை என்னிடம் வந்தது.
தலைக்கு ஆறாயிரம், நாலு தலை.
அதில் ஒருவன் முனவ்வர், மேல்விஷாரம் தோல் மண்டியில் எழுத்தர்.
'சூதுக்கு வர்ல, கடல் பாக்க வர்றேன்'
என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட்டான்.

ஆடியில் போனோம்.
அங்கே கொட்டும் மழை, அறை பாதி விலை.
ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கு மட்டுமா என்ன?
புளிசாதமும் முள்ளுக்கத்திரிக்காய்த் தொக்கும்
இரண்டாம் நாள் சாயங்காலம் வரை தாங்கின.
ஏசி வேண்டாம் என்றோம்.
நாலு கிலோமீட்டரை நனைந்துகொண்டே நடந்தோம்.
செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு என்று
திங்கட்கிழமை முழுக்கப் படுத்துத் தூங்கினோம்.

மாண்டவி ஆறு.
பாலாற்றுக்காரர்கள் நாங்கள்.
கப்பலையோ விளக்கையோ பார்க்கவில்லை முதலில்.
'டேய், தண்ணி ஓடுதுடா' என்றான் மோசஸ்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், இலவசம்.

கப்பலுக்குள் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி.
மோசஸ் மூன்று தட்டு வாங்கினான்.
ஒவ்வொரு தட்டுக்கும் என் காதில் தொகை சொன்னான்:
நானூறு வந்துடுச்சு, எண்ணூறு வந்துடுச்சு.
ஐஸ்கிரீம் தின்னும்போது
அவன் கணக்கில் கப்பல்காரன் எங்களுக்குக் கடன்பட்டிருந்தான்.

அப்போது தணிகைவேல் கையை நீட்டினான்.
'மிச்சம் எவ்ளோ?'
'ஏழாயிரத்து நாப்பது.'
'மிச்சம்தானே மச்சான். இன்னாத்துக்கு வச்சிகினு கீற?'

பதில் இருந்திருக்க வேண்டும் என்னிடம்.
பதினொரு வருஷம் உட்கார்ந்தவனிடம்.
நாற்பது ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.

சிவப்பில் வைத்தான்.
பந்து சுற்றியது, சிணுங்கியது,
யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு பள்ளத்தில் நின்றது.
இருபத்தாறு. கறுப்பு.
நடந்த நாலு கிலோமீட்டரையும்
விசிறி ஒலித்த இரண்டு ராத்திரியையும்
திங்கட்கிழமைத் தூக்கத்தையும்
அந்தப் பெண் ஒரு நீளக் குச்சியால்
வலிக்காமல் வாரிக்கொண்டாள்.

வெளியே படகுத்துறையில்
நாலு பைக்கும் சேர்த்து ஒரே குடை பிடித்திருந்தான் முனவ்வர்.
அவன் முதுகு முழுக்க ஈரம்.
விஷயத்தைச் சொன்னேன்.
சத்தம் போட்டுச் சிரித்தான்.
'லாக்கர் காசு நான் மிச்சம் பண்ணேன், அத்த எழுதிக்கோ.'

காட்பாடி, விடிகாலை நாலு மணி.
ஆட்டோவுக்கு முந்நூறு கேட்டார்கள்.
'முந்நூறா? கொள்ளையடிக்கிறீங்களா?'
என்று கத்தியவன் தணிகைவேல்,
அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன்.
முதல் பஸ் வரும்வரை பையின்மேல் தலைவைத்துக் கிடந்தோம்.

ஒன்பது மணிக்குக் கவுண்டர்.
கையில் ஃபைலோடு ஒரு பெண், கடைசிப் படியில் அவள் புருஷன்.
வந்த இரண்டு நாளில் பொறுக்கிய தமிழில்
'அம்பது கம்மி?' என்றாள்.
வாடகை முதலாளியுடையது, தலைக்கு மேல் கேமரா.
முடியாது என்றேன்.
வழக்கமான குரலில் அது வரவில்லை.
பிறகு ஜன்னல் வழியாகக் காட்டினேன்:
மூன்றாவது கடை.
அடுப்பை வாரத்துக்கு எடுக்காதீர்கள், நாளுக்குக் கேளுங்கள்,
ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகை வாங்கமாட்டார்.

உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

நானும் நோட்டை எடுத்துக் கடைசி வரியை எழுதினேன்.
கை இருப்பு: பதினாலு ரூபாய்.
திருப்பிக் கொடுக்க வேண்டியது:
முனவ்வரின் குடை, ஒரு கம்பி வளைந்தது.